நாலு கோடை பார்த்த கண்ட்ரோலர்

எங்கள் வீட்டு வீடியோ கேம் கன்சோலோடு வந்த கண்ட்ரோலருக்கு இப்போது நாலரை வயது. கட்டைவிரலால் ஆட்டும் இரண்டு ஸ்டிக்கில் இடது பக்கத்தை ஒருமுறை மாற்றியாகிவிட்டது. வலது கைப்பிடியில் உள்ளங்கை படும் இடம் மட்டும் வழவழவென்று பளபளக்கிறது. அதே மேசையில் இன்னொன்றும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் விளையாட இரண்டு வருடம் முன்னால் வாங்கியது, காந்த சென்சார் வைத்த ஸ்டிக். பையன் தூங்கிய பிறகு தினமும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று மணி நேரம், இந்த இரண்டில் ஒன்று என் கையில் இருக்கும்.

கடையில் எந்தக் கண்ட்ரோலரையும் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். புது பிளாஸ்டிக், புது ஸ்பிரிங், ஏசி காற்று. எது நல்ல வடிவமைப்பு என்று எனக்குப் புரியத் தொடங்கியது வாங்கிய இரண்டாவது மே மாதத்தில்.

கொளத்தூரில் எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். ஹாலில் ஏசி கிடையாது. அரை மணி நேரத்தில் உள்ளங்கை ஈரமாகிவிடும், அந்த ஈரம் கண்ட்ரோலரில் எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. கண்ட்ரோலரின் உடம்பு என்பது இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளைச் சேர்த்து ஸ்குரூ போட்டது. அந்த இரண்டும் சேரும் கோடு உள்ளங்கையில் அழுந்துகிற இடத்தில் வந்தால், வியர்வையும் அழுக்கும் சேர்ந்து ஒரே மாதத்தில் கறுப்புக் கோடாகிவிடும். என்னுடையதில் அப்படித்தான். மாதம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி எடுக்கிறேன்.

இன்னொன்று, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பூச்சு. கடையில் தொட்டவுடன் மனதைக் கவர்வது அதுதான். நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து, சில வருடங்களில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். பழைய டார்ச், பழைய ரிமோட் எதிலாவது இதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் சென்னையில் கண்ட்ரோலர் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பிளாஸ்டிக்கிலேயே பொறித்த சொரசொரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வேளச்சேரியில் மச்சான் வீட்டில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. அதன் கண்ட்ரோலரான டூயல்சென்ஸின் கைப்பிடியை போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். வெறும் புள்ளிகள் என்று நினைத்திருந்தது பூராவும் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம், அதன் பட்டன்களில் இருக்கும் அதே குறிகள். ஊசிமுனை அளவில் ஆயிரக்கணக்கில் பொறித்திருக்கிறார்கள். ஈரக்கையிலும் அது நழுவவில்லை.

சரி, ஸ்டிக்குக்கு வருகிறேன். கண்ட்ரோலரின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வருடம் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தில் என் கோல்கீப்பர் தானாக இடது பக்கம் நகர ஆரம்பித்தான். நான் கையை எடுத்துவிட்டேன், அவன் நிற்கவில்லை. டிரிஃப்ட் என்று இதற்குப் பெயர். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, ஏனென்றால் இந்த வகை ஸ்டிக் வைத்த யாருடைய கண்ட்ரோலருக்கும் இது வரலாம். முதலில் டெட்ஸோனை அதிகமாக்கிச் சமாளித்தேன். நடுவில் இருந்து கொஞ்ச தூரம் வரை ஸ்டிக் அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத பகுதிதான் டெட்ஸோன். அதைப் பெரிதாக்கினால் கோல்கீப்பர் நிற்பான், ஆனால் குறி பார்க்கும்போது மெல்லிய அசைவு எதுவுமே பதிவாகாது. காலில் முள் குத்தினால் தடிமனான செருப்புப் போட்டு நடப்பது மாதிரிதான் அது. ஆறு மாதம் அப்படி ஓட்டிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கடை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி, நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு ஸ்குரூவையும் கழற்றிவிட்டான். ஸ்டிக் ஒரு சிறு பெட்டி, போர்டில் 14 இடத்தில் சால்டர் போட்டுப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியாகச் சூடு காட்டி, ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பெட்டியைப் பிடுங்க இருபது நிமிடம் ஆனது. பிறகு அதன் பக்கவாட்டில் இருந்த பச்சை மூடியை இடுக்கியால் நெம்பித் திறந்து என் பக்கம் நீட்டினான்.

"இங்க பாருங்கண்ணா, நடுவுல மட்டும் தேஞ்சிருக்கு."

விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அதில் வளைவாகக் கறுப்பான கார்பன் தடம். தடத்தின் இரண்டு ஓரமும் அடர்கறுப்பு, நடுவில் மட்டும் வெளிறிப்போய் ஒரு கீறல். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகைத் திருப்பினால் கரகரவென்று கேட்குமே, அதே பொட்டென்ஷியோமீட்டர்தான் இது. இடம் வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று. கார்பன் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். அது தொடும் இடத்தை வைத்துத்தான் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கேமுக்குத் தெரிகிறது. ஸ்டிக் பெரும்பாலும் நடுவைச் சுற்றியேதான் அசைகிறது, அதனால் நடுவில் முதலில் தேய்கிறது. தேய்ந்ததும் 'நடு' என்பது எங்கே என்று அதற்குக் குழம்பிவிடுகிறது.

"புதுசு போட்டாலும் இதே வகைதாண்ணா. ரெண்டு வருஷம் ஓடும்" என்றான். மறைக்காமல் சொன்னதற்காகவே அவனிடம் மறுபடியும் போவேன். எழுநூறு ரூபாய் ஆனது.

உரசாத ஸ்டிக் இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்டிக்கின் அடியில் காந்தம், அதற்கு எதிரே ஹால் எஃபெக்ட் சென்சார். காந்தம் சாயும்போது புலம் மாறுவதை சென்சார் படிக்கிறது. சென்சாரில் எதுவும் எதையும் தொடுவதில்லை, அதனால் அங்கே தேய்வதற்கு ஒன்றுமில்லை. 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்சோலின் ஸ்டிக்கிலேயே இது இருந்தது! அத்தனை வருடமாகக் கைவசம் இருக்கிற ஒன்று. இன்றைக்கும் பெரிய கன்சோல்களோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் பழைய கார்பன் ஸ்டிக்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குறைந்தபட்சம் கழற்றி மாட்டுகிற மாதிரியாவது வைக்கலாம். 2023-இல் வந்த சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜ் கண்ட்ரோலரில் ஸ்டிக்கைத் தனியாக உருவி, புதியதைச் சொருகிக்கொள்ளலாம். சால்டர் வேண்டாம், கடை வேண்டாம். விலை அதிகம், ஆனால் அந்த ஒரு யோசனைக்காக அதை வடிவமைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். எல்லாக் கண்ட்ரோலரிலும் இருக்க வேண்டிய விஷயம் அது.

காந்த ஸ்டிக் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். என் இரண்டாவது கண்ட்ரோலரில் இரண்டு வருடத்தில் டிரிஃப்ட் துளியும் இல்லை. ஆனால் ஸ்பிரிங் முதலிலிருந்தே கொஞ்சம் லேசு. விரலை எடுத்தால் நடுவுக்கு வரும், வந்து ஒரு கணம் நடுங்கும். குறி பார்க்கிற ஆட்டத்தில் அது தெரிகிறது. பழையதில் ஸ்பிரிங் கெட்டியாக, கட்டைவிரலுக்கு எதிராக அளவான ஒரு தள்ளு கொடுக்கும். சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விரலோடு பேசுவது ஸ்பிரிங்தான்.

ஸ்டிக் எங்கே இருக்க வேண்டும் என்ற சண்டை பழையது. சோனியுடைய முதல் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில், 1994-இல், ஸ்டிக்கே கிடையாது. கட்டைவிரலுக்கு எட்டும் நல்ல இடத்தில் திசை பட்டன்கள் இருந்தன. 1997-இல் ஸ்டிக் சேர்த்தபோது கீழே மிச்சமிருந்த இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அதுவே குடும்ப முகமாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் இடது ஸ்டிக் மேலே, திசை பட்டன் கீழே. கையைத் தொங்கவிட்டு, கண்ட்ரோலர் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிப் பாருங்கள், கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடம் மேல்பக்கம்தான். இப்போதைய ஆட்டங்களில் இடது கட்டைவிரல் நாள் முழுக்க ஸ்டிக்கில்தான் கிடக்கிறது, அதனால் என் ஓட்டு மேலே வைத்ததற்கு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் கட்டைவிரலின் அடி மூட்டு இதைச் சொல்லிவிடும்.

திசை பட்டன் என்றதும் எனக்கு பர்மா பஜார் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் அப்பா அங்கே வாங்கித் தந்த டிவி கேம், மஞ்சள் நிறக் கேசட். நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் கன்சோலின் நகல் அது என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரியும். சிலுவை வடிவத் திசை பட்டனை நிண்டெண்டோவின் குன்பெய் யொகோய் 1982-இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேம் கருவி ஒன்றுக்காகச் செய்தார். அதன் அழகு மேலே தெரியாது. சிலுவையின் நடுவில் அடியில் ஒரு குமிழ் இருக்கும், தராசு முள் மாதிரி அதன்மேல் சாயும். ஒரு பக்கம் அமுங்கினால் எதிர்ப்பக்கம் எழுந்தே ஆக வேண்டும், இடமும் வலமும் ஒன்றாக அழுந்தவே முடியாது. பார்க்காமலே விரலுக்கு நடு எது என்று தெரியும். எங்களிடம் இருந்த நகலில் அந்தக் குமிழ் சரியாக அமையவில்லை. ஓடும்போது நட்டநடுவில் அழுத்திவிட்டால் எல்லாப் பக்கமும் அமுங்கி, ஆள் குழிக்குள் விழுவான். என் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது, கண்ட்ரோலர் மேல் தப்பு என்று அந்த வயதில் தோன்றவில்லை. இன்றைக்கும் எந்தக் கண்ட்ரோலரை எடுத்தாலும் முதலில் திசை பட்டனின் நட்டநடுவை அழுத்திப் பார்க்கிறேன். அது கீழே போகக் கூடாது.

பட்டன்களின் பெயர் பற்றி அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அம்மா முப்பது வருடம் பள்ளிக்கூட டீச்சர். போன பொங்கலுக்கு மச்சான் வீட்டில் பேரனோடு விளையாட உட்கார்ந்தார். எழுத்து இல்லாத வடிவங்கள் அவருக்கு உடனே பிடித்துவிட்டன. "முக்கோணம் அழுத்துங்க பாட்டி" என்றால் தேட வேண்டியதில்லை. ஆனால் திரையில் கேள்வி வரும்போதெல்லாம் 'சரி' என்று சொல்ல வட்டத்தைத்தான் அழுத்தினார். "பெருக்கல் குறி போட்டா தப்புன்னுதானடா அர்த்தம்?" என்றார். வாழ்நாள் முழுக்கப் பரீட்சைப் பேப்பர் திருத்தியவர். அந்தக் குறிகளை வரைந்த சோனியின் தெய்யூ கோட்டோவும் அப்படித்தான் நினைத்தார்: வட்டம் என்றால் ஆம், பெருக்கல் என்றால் இல்லை. ஜப்பானில் அப்படியே இருந்தது. மேலை நாடுகளில் பெருக்கல் குறியே 'சரி' என்று பழகிவிட, 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் அப்படியே மாற்றினார்கள். பழக்கம் ஊருக்கு ஊர் வேறு, யார் பக்கமும் தப்பில்லை. செட்டிங்ஸில் இரண்டு பட்டனையும் இடம் மாற்றிக் கொடுத்தேன், அம்மா அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

இந்த மாற்றிக்கொள்ளும் வசதியை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். அக்கா பையனுக்கு இடது கை ஆட்காட்டி விரலில் பலம் குறைவு. பின்னால் இருக்கும் டிரிகரை அவனால் அழுத்திப் பிடிக்க முடியாது. என் இரண்டாவது கண்ட்ரோலரில் முதுகுப் பக்கம் கூடுதலாக இரண்டு பட்டன் இருக்கிறது, டிரிகர் வேலையை அதில் ஒன்றுக்கு மாற்றினோம். மோதிர விரலால் அழுத்துகிறான், இப்போது கார் ஆட்டத்தில் என்னை முந்துகிறான். கையே வேறு மாதிரி இருப்பவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018-இல் தனியாகவே ஒரு கண்ட்ரோலர் விட்டது. இரண்டு பெரிய பட்டன், பின்னால் 19 ஜாக், அவரவருக்கு வேண்டிய ஸ்விட்சை அதில் சொருகிக்கொள்ளலாம்.

டிரிகர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆக்சிலரேட்டர் மாதிரி அழுத்த அழுத்தக் கூட வேண்டும், அது போதும். மச்சான் வீட்டு டூயல்சென்ஸில் டிரிகரே விரலை எதிர்த்துத் தள்ளும். வில்லில் நாண் இழுக்கும்போது விரல் இறுகுவது எனக்கு இன்னும் சிலிர்ப்புதான், தினமும் ஒரு மணி நேரம் என்றால் அளவைக் குறைத்து வைப்பேன்.

பேட்டரி இன்னொரு நீண்டகால விஷயம். உள்ளேயே பூட்டிய லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் வயதாகும். என்னுடையது முதலில் பத்து மணி நேரம் தாங்கியது, இப்போது நாலு. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவதைப் பலர் பழமை என்கிறார்கள். ரீசார்ஜ் ஏஏ நாலு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் பத்து வருடம் கழித்தும் அந்தக் கண்ட்ரோலர் ஓடும்.

ரிச்சி ஸ்ட்ரீட் தம்பி போட்டுத் தந்த ஸ்டிக்குக்கு இந்த மாதத்தோடு ஒன்றரை வருடம். நேற்று ராத்திரி செட்டிங்ஸில் போய் விரலை எடுத்துவிட்டுப் பார்த்தேன். புள்ளி நடுவிலிருந்து ஒரு மயிரிழை இடது பக்கம் விலகி நிற்கிறது. டெட்ஸோனை இந்த முறை தொடவில்லை. காந்த சென்சார் வைத்த மாற்று ஸ்டிக் இந்த மாடலுக்கும் கிடைக்கிறது என்று அவன் போனில் சொன்னான். சனிக்கிழமை மத்தியானம் போகிறேன்.