பாத்திரத்தில் இருந்த பெயர்

அப்பச்சி, அதாவது என் அப்பா, இறந்த பிறகு மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே 31 கடிதங்கள், மூன்று புகைப்படங்கள். ஒரு படத்தில் நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் சிறு பையனாக என் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா. அது ஐயாவைப் பெற்ற ஆத்தா என்பது வரை அத்தைக்குத் தெரிந்தது. பெயர் தெரியவில்லை. படத்தின் பின்னால் 'மு.சித.' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பெயரைத் தேடித்தான் இந்தத் தை மாதம் காரைக்குடியில் பத்து நாள் தங்கினேன். இதே தேடலோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். காரை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டேன். ஓட்டுநர் தம்பிக்கு எந்த ஊரில் எந்த வீடு யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அது எந்த அலுவலகத்திலும் கிடைக்காத சேவை.

முதலில் எங்கள் கோயிலுக்குப் போனேன். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்கள் ஒன்பதில் எங்களுடையது இளையாற்றங்குடி. கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரும், அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் சேருவார்கள். ஐயாவின் பெயரைச் சொன்னதும் அலுவலகத்தில் இருந்தவர் சிரித்தார். "ஆச்சி, இந்தப் பேருல உங்க ஊர்லயே அஞ்சு பேரு இருக்காக. விலாசத்தைச் சொல்லுங்க." வெளியூரில் வளர்ந்த எனக்கு விலாசம் என்றால் தபால் முகவரி. இங்கே அது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை. ரெங்கோனிலும் பினாங்கிலும் வட்டிக்கடையை அடையாளம் காட்டியது அதுதான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வரும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தவறான தாத்தாவிடம் போய் நிற்போம். 'மு.சித.' என்று சொன்ன பிறகு ஐயா, அவருடைய அண்ணன், இருவரின் அப்பா என்று வரிசை தெளிவானது. பிள்ளை கூட்டிக்கொண்டவர்கள் (தத்து எடுத்தவர்கள்) இருந்தால் விலாசம் மாறும், அதையும் கேளுங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார். ஆனால் அங்கே எனக்குச் சொல்ல முடிந்தது ஆண்களின் வரிசையை மட்டும்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு நாள் போனது. இப்போது வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுக்கலாம், ஆனால் மிகப் பழைய பத்திரங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கையால்தான் தேடச் சொல்ல வேண்டும். போவதற்கு முன் ஊர் அன்று எந்த ஆட்சியில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவகங்கை மாவட்டம் 1985-இல் வந்தது, அதற்கு முன் ராமநாதபுரம். செட்டிநாட்டு ஊர்களில் சில 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை, அவற்றுக்குத் தேட வேண்டிய இடமே வேறு. எங்களுக்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. 'இன்னார் குமாரர் இன்னார்' என்று வரிக்கு வரி ஆண்கள். அந்த அம்மாளுக்கு ஒரு வரி கூட இல்லை.

சரி, கடிதங்களாவது சொல்லும் என்று நினைத்தேன். எழுத்தே எனக்குப் பிடிபடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஒரு கடிதத்தின் தலைப்பில் 'உயரு' என்று இருப்பதாக நான் படித்து வைத்திருந்தேன். பேரேடு எழுதிப் பழகிய ஒரு முன்னாள் கணக்கப்பிள்ளையிடம் ஓட்டுநர் தம்பி அழைத்துப் போனார். எண்பதைத் தாண்டிய மனிதர். லென்ஸ் கூட வேண்டாம் என்றார். "இது உயரு இல்ல ஆச்சி, இருபத்தஞ்சு. ௨௰௫. விஷு௵ கார்த்திகை௴ ௨௰௫௳." ௨, ௰, ௫ பழைய தமிழ் எண்கள்; ௵, ௴, ௳ வருஷம், மாதம், தேதிக்கான குறிகள். விஷு என்பது வருஷத்தின் பெயர், அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். ஆனால் கடிதத்தில் உலக யுத்தச் செய்தி இருந்தது, அதனால் இது 1941 டிசம்பர் 10 வாக்கில் எழுதியது. எழுதியவர் ரெங்கோனில் இருந்த ஐயாவின் அண்ணன். அந்த மாதம் 23-ஆம் தேதி ரெங்கோனில் முதல் குண்டு விழுந்தது. டப்பாவில் இருந்தவற்றில் அதுதான் கடைசிக் கடிதம்.

அவர் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து பதினோரு கடிதங்களைப் படித்துச் சொன்னார், நான் போனில் பதிவு செய்துகொண்டேன். நெல் விலை விழுந்துவிட்டது, கொடுத்த பணம் வட்டியோடு வராமல் நிலமாக வருகிறது என்று ஒரு கடிதம். 1930-இல் தொடங்கிய அந்த வீழ்ச்சியால் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் சில வருஷங்களிலேயே செட்டியார்கள் கைக்கு வந்தது என்று படித்திருக்கிறேன். யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல என்பது அந்தக் கடிதத்தின் கவலையில் தெரிந்தது. எல்லாக் கடிதமும் 'என்னைப் பெற்ற ஆத்தாள் அவர்களுக்கு' என்றுதான் தொடங்குகிறது. பதினோரு கடிதம், பதினோரு ஆத்தாள், பெயர் எங்குமே இல்லை. பெற்றவளைப் பிள்ளை பெயர் சொல்லி எழுதுவானா? அந்தப் பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். இப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கடிதம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த வருஷம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

வருத்தமான விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்று படங்களையும் ஸ்கேன் செய்ய ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். மாலையில் போனால் அம்மாள் படத்தை லேமினேட் செய்து கையில் தருகிறார்கள். நான் கேட்கவே இல்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள், ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய படத்திலிருந்து பிரிக்க முடியாது. ஓர் ஓரம் குமிழ் விட்டுவிட்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மூலப் படத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் நின்று 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வளவு (வீட்டு முற்றம்) வெளிச்சத்தில் போனிலேயே எடுத்தாலும் போதும்.

மறுநாள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தேன். சட்டம் போட்ட படங்கள் அடுக்கடுக்காக விலைக்கு இருக்கின்றன. எல்லாம் யாரோ ஒருவரின் அப்பத்தா, யாரோ ஒருவரின் ஐயா. படத்தின் பின்னால் விலாசம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டை விற்பவர்கள் படங்களை விற்பதற்கு முன் ஒரு நகலாவது எடுத்து, பின்னால் பெயரை எழுதி வையுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரே மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் காகிதங்களும்தான் 1994-இல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமாக ஆயின. குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை எத்தனையோ அவர் கையால் பிழைத்தன.

கடைசியாகத்தான் பூர்வீக வீட்டுக்குப் போனேன், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடு, இப்போது ஓர் ஆச்சி மட்டும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கிறார். மலேசியாவிலிருந்து பழைய காகிதம் கேட்டு ஒருத்தி வந்தால் எல்லாருக்கும் முதலில் பங்கு ஞாபகம்தான் வரும், அதில் தப்பில்லை. "சொத்துக்கு வரல ஆச்சி, பேரு கேக்க வந்தேன்" என்று படத்தை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஏட்டுல தேடுனா எப்படி ஆத்தா கிடைக்கும்? பொம்பளை பேரு பாத்திரத்துலல்ல இருக்கும்" என்று சாவிக்கொத்தை எடுத்தார்.

அறைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்த அண்டாக்கள், குடங்கள், தூக்குகள். சீர் கொடுத்த சாமானில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது வழக்கமாம். புளி போட்டுத் துடைத்துத் துடைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தோம். ஆறாவது பாத்திரம் ஒரு பித்தளைக் குடம். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. முதலில் அவர் பிறந்த வீட்டு விலாசம், அப்புறம் அவர் பெயர். அதே எழுத்து இன்னும் நான்கு பாத்திரங்களில் இருந்தது. அந்த விலாசம் தேவகோட்டைப் பக்கத்து வீடு என்று ஆச்சிக்கு உடனே தெரிந்தது. அங்கே போக நாள் இல்லை, அடுத்த முறை போக வேண்டும். பெயரை இங்கே எழுதவில்லை, எங்கள் பங்காளிகள் எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டும்.

அன்று இரவே கிள்ளானுக்கு அத்தையை அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணுக்கு இந்தப் பேருதான். உங்க அப்பத்தா கடைசி வரைக்கும் அதைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 'பெரியவுக பேருக்காரி'ம்பாக. அந்தப் பெரியவுக யாருன்னு நாங்க கேட்டதே இல்ல."