சபையின் நோக்கத்தைத் தெளிவாக்கும் பயிலரங்குச் சேவை: தமிழ்ச் சபைகள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

"இந்தச் சபை எதற்காக இருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை எழுத, வெளியிலிருந்து ஒரு வழிநடத்துநரை அழைத்துவரும் வழக்கம் சிங்கப்பூர்க் கிறிஸ்தவச் சபைகளில் உண்டு. சேவை பெரும்பாலும் மூன்று பாகமாக வரும்: முதலில் ஒரு கருத்துப் படிவம், பிறகு ஒரு சனிக்கிழமை முழுநாள் பயிலரங்கு, சில வாரம் கழித்து அறிக்கையும், சபை எதற்காக என்பதைச் சொல்லும் நோக்க வாசகத்தின் வரைவும். ஆங்கில ஆராதனைச் சபைகளை மனத்தில் வைத்துத் தைத்த சட்டை இது. தமிழ்ச் சபை அளவெடுக்காமல் வாங்கினால் பணத்தில் பாதி வீண். சில மாற்றங்களைக் கேட்டு வாங்கினால் கொடுத்த வெள்ளிக்கு மேலேயே பலன் கிடைக்கும்.

பழுது படிவத்திலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'விஷன்', 'மிஷன்' என்று இருப்பதைத் 'தரிசனம்', 'மிஷன் பணி' என்று மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் சபைகளில் தரிசனம் என்றால் ஆண்டவர் போதகருக்குக் காட்டியது. "நம் சபையின் தரிசனம் என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் போதகரைக் கைகாட்டுவார்கள், மீதிப் பேர் இந்த ஆண்டின் வாக்குத்தத்த வசனத்தை எழுதுவார்கள். மிஷன் பணி என்றால் தமிழ்நாட்டுக்கோ வட இந்தியாவுக்கோ மாதாமாதம் அனுப்பும் காணிக்கை. 'ஊழியர்' என்ற சொல் இன்னும் மோசம்: சபை அங்கத்தினர் அதைப் பிரசங்கியார் என்று படிப்பார், வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்து வந்த தம்பி அதைத் தன்னைத்தான் என்று படிப்பார். ஆகவே இந்தச் சொற்களையே தவிர்த்த படிவம் வேண்டும். "முதன்முதலில் இந்த வாசலுக்கு ஏன் வந்தீர்கள்? கடந்த மூன்று மாதத்தில் இங்கே உங்களுக்கு என்ன கிடைத்தது? இந்தச் சபையோடு சேர்ந்து நீங்கள் யாருக்கு என்ன செய்தீர்கள்?" இந்த மூன்று கேள்வி போதும். காகிதத்தில், பெரிய எழுத்தில்.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த கேள்வி. அங்கத்தினர் பட்டியலை வைத்துப் படிவத்தின் இணைய இணைப்பை அனுப்புவது வழிநடத்துநருக்குச் சுலபம். வேலை அனுமதியில் வந்திருப்பவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை, ஞாயிறு மத்தியானம் பின்வரிசைகளை நிரப்புகிறவர்கள் அவர்களாகவே இருந்தாலும். இல்லப் பணிப்பெண்களை ஒரே ஞாயிறில் பிடிக்க முடியாது. 2023 ஜனவரி முதல், பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத ஓய்வு நாள் மாதத்துக்கு ஒன்றாவது அவர்களுக்கு உண்டு. ஆனால் அது எந்த வாரம் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தொடர்ந்து ஐந்து ஞாயிறு படிவம் மேசையில் இருக்க வேண்டும், எழுதத் தயங்குகிறவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பயிலரங்கின் காலைப் பகுதி வேத ஆராய்ச்சி. பெரும்பாலும் மத்தேயு 28:19-20. இதில் தமிழுக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. கிரேக்க மூலத்தில் அந்தக் கட்டளையின் ஏவல் வினை ஒன்றே ஒன்று, சீஷராக்குங்கள் என்பது. போவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், உபதேசிப்பதும் அதைச் சுற்றி நிற்கும் எச்சங்கள். நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'சீஷராக்கி' வினையெச்சமாகி, 'உபதேசம்பண்ணுங்கள்' முற்றுவினையாக நிற்கிறது. தமிழ்க் குழுக்கள் "போதிப்பதே நம் முதல் வேலை" என்ற முடிவுக்குச் சுலபமாக வந்துவிடுவதற்கு இந்த வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். வழிநடத்துநருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இது அவர் கண்ணில் படவே படாது. இந்த அமர்வையாவது தமிழறிந்த போதகர் நடத்துவது நல்லது.

சேவையின் உண்மையான மதிப்பு பிற்பகலில் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தையும் நாட்காட்டியையும் சுவரில் ஒட்டும் நேரத்தில். பன்னிரண்டு மாதச் செலவு, பதின்மூன்று வார நிகழ்ச்சிகள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் மூன்று எண்: வாரத்துக்கு எத்தனை மனித மணி, வருடத்துக்கு எத்தனை வெள்ளி, சபைக் குடும்பங்களைச் சேராதவர் எத்தனை பேர் வந்தார்கள். உதாரணமாக, பாடகர் குழுப் பயிற்சி வாரத்துக்கு 36 மணி விழுங்குகிறது, தங்குவிடுதிச் சந்திப்புக்கு 4 மணிதான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "வெளிநாட்டுச் சகோதரர்களுக்கான சபை நாம்" என்று வாயால் சொல்வதும் அந்தத் தாளும் ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலிலிருந்துதான் தெளிவு பிறக்கும். அதற்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும். பல பயிலரங்குகளில் இதற்கு நாற்பது நிமிடம்தான், அதுவும் மதியப் பிரியாணிக்குப் பின்னால். நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வரலாற்று அமர்வும் சேவையில் உண்டு. சுருக்கமாக இருந்தால் பயன்தரும். ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழுந்தது. இன்று அங்கே ஆங்கிலத்திலும் திருப்பலி உண்டு. எந்த மக்களுக்காகத் தொடங்கினோம், இன்று பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு பத்தியாக எழுதினால் போதும்.

வாசகத்தை இருபது பேர் சேர்ந்து எழுதக்கூடாது. ஆளுக்கொரு சொல் சேர்ப்பார்கள், முடிவில் "தேவனை மகிமைப்படுத்தி, சீஷரை உருவாக்கி, உலகை மாற்றும் சபை" என்று வரும். அதை எந்த ஊரில் எந்தச் சுவரிலும் மாட்டலாம். மூன்று பேர் எழுதி, மற்றவர்கள் திருத்தட்டும். பதினைந்து சொல்லுக்குள், யாருக்கு என்பது தெரிய: "தங்குவிடுதித் தமிழருக்கும், தமிழ் மறந்துவரும் நம் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துவின் குடும்பமாய் இருப்போம்." இப்படி எழுதும்போது மொழிக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. தமிழைக் காப்பது சபையின் நோக்கமா, நோக்கத்துக்கு வழியா? பதில் இல்லாமல் கையெழுத்திட்டால் வாலிபர் ஆராதனை எந்த மொழியில் என்பதில் அடுத்த வருடமே சண்டை வரும். இன்னொன்று: அயலாரின் சமயத்தைத் தாழ்த்தும் ஒரு சொல்லும் வாசகத்தில் வேண்டாம். சமய நல்லிணக்கச் சட்டத்துக்காக மட்டுமல்ல, அதை வாசிக்கப்போவது நம் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

அறிக்கையில் பெரும்பாலும் விட்டுப்போவது சட்டப் பக்கம். சங்கமாகப் பதிவான சபைக்கு அமைப்பு விதிகளில் நோக்கங்கள் என்றொரு பிரிவு இருக்கிறது. புதிய வாசகம் அதைத் தாண்டினால் பொதுக்கூட்டத் தீர்மானமும், சங்கப் பதிவாளரின் ஒப்புதலும் தேவை. அறக்கொடையாகவும் பதிவாகியிருந்தால் அறக்கொடை ஆணையர் பக்கமும் பார்க்க வேண்டும். பயிலரங்குக்கு முன்பே அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடுங்கள்.

விலைப்புள்ளி வாங்கும்போது நான்கு விஷயம் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்: பயிலரங்குக்கு முன் இரண்டு ஞாயிறாவது வழிநடத்துநர் நேரில் வந்து உட்காருவது, தமிழ்ப் படிவமும் தமிழ் அறிக்கையும், நிறுத்தப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியல், பயிலரங்கு முடிந்த மூன்றாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் மறுவருகை. ஒன்பதாம் மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அப்போது மேசைக்கு வந்திருக்கும் வகையில் பயிலரங்குத் தேதியைக் கணக்கிட்டு வையுங்கள்.