கப்பலில் தொற்று நோயாளி: கூண்டா, கூடாரமா?

2020 மார்ச்சில் அமெரிக்காவின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் கொரோனா புகுந்தது. சுமார் 4,800 பேரில் 1,271 பேருக்குத் தொற்று உறுதியானது, ஒருவர் இறந்தார். அடுத்த மாதமே பிரான்சின் சார்லஸ் டி கால் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள், ஒரே சாப்பாட்டுக்கூடம், குழாய் வழியே சுற்றிவரும் காற்று. போர்க்கப்பலில் ஒருவரை விட்டு ஒருவர் விலகி இருக்க இடம் ஏது?

எங்கள் கப்பலின் சிக் பேக்கு, அதாவது மருத்துவ அறைக்கு, ஒரு தனிமைப்படுத்தும் சாதனம் வாங்க வேண்டும் என்று வந்தபோது, எதிரில் இருந்தவை இரண்டு. ஒன்று, நோயாளியைப் படுக்க வைத்துத் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் கூண்டு. மற்றொன்று, படுக்கையைச் சுற்றி விரிக்கும் பிளாஸ்டிக் கூடாரம். நான் கூடாரத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

பாதுகாப்பில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு விசிறி உள்ளேயிருக்கும் காற்றை ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்துகள் வடிகட்டி வழியாக வெளியே இழுக்கிறது. 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். உள்ளே அழுத்தம் எப்போதும் சற்றுக் குறைவாகவே இருப்பதால், சின்ன இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. மருத்துவமனைத் தனிமை அறைக்குச் சொல்லும் அளவு குறைந்தது 2.5 பாஸ்கல் அழுத்த வித்தியாசம், மணிக்கு 12 முறை காற்று மாற்றம். கூடாரத்தின் கொள்ளளவு இரண்டரை கன மீட்டர் என்றால், மணிக்கு 30 கன மீட்டர் இழுக்கும் சின்ன விசிறி போதும். அறை முழுவதையும் அப்படி மாற்ற வேண்டுமானால் பத்து மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் காற்றுக்குழாயும் வேண்டும். 2020 மே மாதம் மாலத்தீவின் மாலேயிலிருந்து கொச்சிக்கு 698 பேரை ஏற்றி வந்த இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலஷ்வா போன்ற பெரிய கப்பலில் அறை ஒதுக்கலாம். சின்னக் கப்பலில் அந்தப் பேச்சே இல்லை.

கூண்டின் பலம் நோயாளியை இடம் மாற்றுவதில் இருக்கிறது. கொச்சியில் உள்ள கடற்படை விமானப் பணிமனை 2020-இல் அலுமினியம், நைட்ரைல் ரப்பர், பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) கொண்டு 32 கிலோ எடையில் ஒன்றைச் செய்தது. செலவு சுமார் 50,000 ரூபாய். வெளிநாட்டுக் கூண்டு அப்போது 59 லட்சம் ரூபாய் வரை போனது. பெருமைப்பட வேண்டிய வேலை அது. விமானிக்கும் நோயாளிக்கும் ஒரே காற்று என்ற நிலையில் கூண்டை விட்டால் வழியில்லை.

ஆனால் கப்பலில் நோயாளி சில மணி நேரம் இருப்பதில்லை, துறைமுகம் வரும்வரை நாள்கணக்கில் கிடப்பார். செங்குத்து ஏணி, தளத்திலுள்ள ஹேட்ச் என்ற குறுகிய திறப்பு வழியாக, ஆளோடு சேர்த்து நூறு கிலோ வரும் கூண்டைச் சாய்த்து ஏற்ற நான் துணிய மாட்டேன். அதற்கு ஆளைச் சுற்றிக் கட்டும் நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர்தான் சரி.

இதெல்லாம் இருந்தாலும் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். தொற்று எப்போதாவதுதான் வரும். அதுவரை சாதனம் உப்புக்காற்றும் வெக்கையுமான லாக்கரில் கிடக்கும். வருடங்கள் கழித்து வெளியே எடுக்கும் அன்று வேலை செய்ய வேண்டும். கூண்டில் ரப்பர் விளிம்பு விறைத்துப் போகும். பேட்டரி சும்மா வைத்திருந்தாலே செத்துவிடும். பெர்ஸ்பெக்ஸை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டே இருந்தால் மயிரிழை வெடிப்பு விடும். கிருமி நீக்க எல்லோர் கையும் முதலில் போவது ஸ்பிரிட்டுக்குத்தான். அப்படி ஒரு பாகம் போனால் கூண்டு மொத்தமும் பணிமனைக்குப் போக வேண்டும்.

கூடாரத்திலும் பிளாஸ்டிக் மஞ்சளாகும், ஜிப் சிக்கும். ஆனால் அந்தத் தாளையும் ஜிப்பையும் மட்டும் மாற்றினால் போதும், அதைச் சிக் பேயில் இருப்பவரே செய்துவிடலாம். விசிறிப் பெட்டி கப்பல் மின்சாரத்தில் ஓடுவதால், அதை லாக்கரில் பூட்டாமல் சிக் பேயிலேயே தினமும் சிறிது நேரம் ஓட்டலாம். சத்தம் மாறினால் அன்றே தெரிந்துவிடும், அவசரத்தன்று அல்ல. கரண்ட் போனாலும் உள்ளே காற்று கூண்டைவிடத் தாராளம். ஜிப்பைத் திறந்து நோயாளியைப் பார்க்க அவகாசம் கிடைக்கும். ஆக்ஸிஜன் கொடுக்கும் நோயாளி என்றால் மட்டும் விசிறி நின்றவுடன் கவனம் வேண்டும். மூடிய இடத்தில் ஆக்ஸிஜன் சேர்வது தீ ஆபத்து.

என் அனுபவம் மூச்சு வழி பரவும் நோய்களோடு நிற்கிறது. எபோலா மாதிரி உடல் திரவங்களால் பரவும் நோய்க்கு, வாந்தியும் கழிவும் கையாளும் விதத்தில் கூடாரம் எவ்வளவு தாங்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஹெலிகாப்டரில் நோயாளியை அனுப்பும் வேலையும் நேரடியாகச் செய்ததில்லை. அந்தத் தேவைக்குக் கூண்டு ஒன்று கரையில் விமான தளத்தில் இருந்து, தேவைப்படும்போது ஹெலிகாப்டரோடு வந்தால் போதும் என்பது என் எண்ணம்.

கூடாரம் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே மாற்றுத் தாள், ஜிப், ஃபில்டர் மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்குங்கள். பிறகு கேட்டால் முழு செட்டாகத்தான் தருவார்கள்.