லண்டனிலிருந்து ஒரு நாள் நடை: செவன் சிஸ்டர்ஸா, மாம் டோரா, பாக்ஸ் ஹில்லா?

லண்டனில் இருந்துகொண்டு, சொந்தக் கார் இல்லாமல், காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும்படியாக ஒரு நல்ல நடைக்குப் போக நினைப்பவர்களிடம் பெரும்பாலும் மூன்று இடங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன: சசெக்ஸ் கடலோரத்தின் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள், டெர்பிஷயரின் மாம் டோர் முகடு, சர்ரேயின் பாக்ஸ் ஹில். படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் இடையில்தான் போட்டி. மூன்றாவதை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வயதான பெற்றோரோ சிறு பிள்ளைகளோ உடன் வரும்போது காட்சிக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நடையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு ரயிலுக்கோ பேருந்துக்கோ திரும்ப எந்தெந்த இடத்தில் வழி இருக்கிறது என்பதே அது. காலையில் காய்ந்த வெயிலை நம்பி மதியத்தைத் திட்டமிட முடியாத நாட்டில், இந்த ஒரு கேள்வியே பல நாட்களைக் காப்பாற்றுகிறது.

செவன் சிஸ்டர்ஸை எடுத்துக்கொள்வோம். சீஃபர்ட் ரயில் நிலையத்தில் இறங்கி ஈஸ்ட்போர்ன் வரை நடக்கும் முழுப் பாதை ஏறத்தாழ 22 கிலோமீட்டர். தூரத்தைவிடக் காலைச் சோதிப்பவை ஏற்ற இறக்கங்கள்தாம். பெயரில் ஏழு சகோதரிகள் என்றாலும் நடந்துகொண்டே எண்ணினால் எட்டு மேடுகள் வரும். பாறையின் தூய வெண்மைக்குக் காரணம் கடல் அதை இடைவிடாமல் அரித்துத் தள்ளுவதே: பழைய முகம் இடிந்து விழ விழப் புது முகம் வெளிப்படுகிறது. அதே காரணத்தால் விளிம்பு ஒருபோதும் பாதுகாப்பானதன்று. மேலே புல் அசையாமல் நிற்கும். அடியில் பாறை குடைந்து போயிருக்கும். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் படமெடுப்பவர்களைக் கோடையில் எப்போதும் பார்க்கலாம். அவர்களுக்குத் தங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது, கடற்கரையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை 1999-இல் அப்படியே பெயர்த்து 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள் என்பதே அரிப்பின் வேகத்துக்குச் சான்று.

வரைபடத்தைப் பார்த்துப் பலரும் ஏமாறும் இடம் கக்மியர் ஆற்றின் முகத்துவாரம். சீஃபர்ட் ஹெட் என்ற கடலோர மேட்டிலிருந்து இறங்கினால், பழைய கடலோரக் காவலர் குடியிருப்புகளுக்குப் பின்னால் வெண்பாறைகள் வரிசையாக எழும் அந்தப் புகழ்பெற்ற காட்சி கிடைக்கிறது. அடுத்த மேடு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. ஆனால் அங்கே ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. எக்சீட் பாலம் வரை உள்நாட்டுக்குள் நடந்து, மறுகரை வழியாகத் திரும்பக் கடலுக்கு வர வேண்டும். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இந்தச் சுற்று அலுப்பாகத்தான் இருக்கும். எனினும் நான் மேலே சொன்ன அளவுகோலில் இந்தப் பாதை ஜெயிப்பதும் எக்சீட்டில்தான்: பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் பேருந்துகள் அங்கே நிற்கின்றன, கழிப்பறையும் இருக்கிறது. பேருந்திலேயே எக்சீட் வந்து இறங்கி, பர்லிங் கேப் கடற்கரை வரை சுமார் 6 கிலோமீட்டர் மட்டும் நடந்தால் சகோதரிகள் அனைவரையும் பார்த்தாயிற்று. பர்லிங் கேப்புக்கு நேரடிப் பேருந்து குறைவு. அது இல்லாத நாளில் ஈஸ்ட் டீன் கிராமம் வரை ஏறி நடந்தால் மறுபடியும் அதே 12-ஐப் பிடிக்கலாம். உடலில் தெம்பு இருப்பவர்கள் 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட் பாறையைத் தாண்டி ஈஸ்ட்போர்னில் முடித்துக்கொள்ளலாம்.

மாம் டோருக்குச் செலவாகும் நேரமே வேறு. லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஷெஃபீல்டுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அங்கிருந்து முகட்டின் அடியிலுள்ள ஈடேல் கிராமத்துக்கு இன்னும் அரை மணி. இடையில் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதென்று முன்பதிவுச் சீட்டை வாங்கினால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதால், மழை வந்தாலும் முன்கூட்டித் திரும்ப முடியாது, நேரமானாலும் பிந்தித் திரும்ப முடியாது. இத்தனையும் பொறுத்துக்கொண்டு போவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றால், தென் இங்கிலாந்தில் எங்கும் கிடைக்காத ஒன்று: இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, இருபுறமும் நிலம் சரிந்து இறங்க, ஒரே முகட்டின் மேல் நெடுந்தூரம் நடக்கும் அனுபவம். ஈடேலிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்ற முகட்டுக் கணவாய்க்கு ஏறி, மாம் டோரின் 517 மீட்டர் உச்சிக்குப் போய்த் திரும்பி, பேக் டோர், லூஸ் ஹில் மேடுகள் வழியாக ஹோப் நிலையத்தில் இறங்கினால் மொத்தம் 10 முதல் 12 கிலோமீட்டர்தான். வடபுறம் தெரியும் கிண்டர் ஸ்கவுட் பீடபூமியில்தான், தனியார் வேட்டை நிலங்களில் நடக்கும் உரிமை கேட்டு 1932 ஏப்ரலில் தொழிலாளர்கள் திரளாக அத்துமீறி நுழைந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனதற்குப் பின்னால் அந்தக் கோரிக்கையின் நீண்ட வரலாறு இருக்கிறது.

மாம் டோரின் கிழக்கு முகம் இன்னும் சரிந்துகொண்டே இருக்கிறது. அதன் காலடியில் போட்ட நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்துவிட்டு, 1979-இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். மறுபுறம் கேசில்டன் கிராமத்தின் பக்கம் இறங்குபவர்கள் அந்தச் சாலையிலேயே நடக்கலாம்: ஒவ்வொரு தடவையும் மேலே மேலே ஊற்றிய தார், உடைந்த இடங்களில் அடுக்கடுக்காகத் தெரிகிறது. (பள்ளத்தாக்கின் நடுவே ஒரு சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியும் துருத்திக்கொண்டு நிற்கும், விளம்பரப் படங்களில் அதைக் கவனமாக வெட்டிவிடுகிறார்கள்.) பாதியில் விலக நினைப்பவர்களுக்கு ஹாலின்ஸ் கிராஸ் ஒரு வரப்பிரசாதம், அங்கிருந்து ஒருபுறம் ஈடேல் ரயில், மறுபுறம் கேசில்டன் பேருந்து. ஆனால் அதைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டால் ஹோப் வரை கழிப்பறையும் இல்லை, மழைக்கு ஒதுங்க இடமும் இல்லை. முகட்டில் காற்று அடிக்கும்போது சிறு பிள்ளைகள் நிற்கவே சிரமப்படுவார்கள்.

பாக்ஸ் ஹில்லைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பாக்ஸ் ஹில் நிலையம். அங்கிருந்து சிறிது தூரத்தில் மோல் ஆற்றின் குறுக்கே மிதிகற்கள். அப்பால் மரங்களுக்கிடையே செங்குத்தான படிகள். மேலே பார்வை மேடையும் சிற்றுண்டிக் கடையும். மழைக்குப் பிறகு மிதிகற்கள் மூழ்கிவிடும் என்றாலும் பக்கத்திலேயே நடைப்பாலம் உண்டு. உலகமே தலைகீழாக இருக்கிறது என்று சொல்லித் தன்னையும் தலைகீழாகப் புதைக்கச் செய்த ஒரு ராணுவ மேஜரின் நினைவுக்கல்லும் இந்தக் குன்றில்தான் இருக்கிறது. காட்சி அழகியதுதான், ஆனால் மற்ற இரண்டின் வியப்பு இங்கே இல்லை. இதன் பலம் வேறு: எந்த இடத்தில் களைத்துப்போனாலும் நிலையம் அருகிலேயே இருக்கிறது.

ஆகவே, லண்டன்வாசிகளுக்கு முதல் நடையாக எக்சீட்–பர்லிங் கேப் துண்டையே சொல்வேன்; முழு 22 கிலோமீட்டரை அல்ல. மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து போனால், நெரிசலற்ற நேரத்தில் அந்தப் பக்க ரயில்களில் குழுச் சலுகையாகக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மான்செஸ்டரிலோ ஷெஃபீல்டிலோ வசிப்பவர்களுக்கு மாம் டோரைத் தவிர வேறு யோசனையே தேவையில்லை. அவர்களுக்கு அது பக்கத்து ஊர். லண்டனிலிருந்து மாம் டோர் போவதானால் மே முதல் ஆகஸ்ட் வரையிலான நீண்ட பகல்களில் போக வேண்டும், முடிந்தால் ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடுவதோடு, நனைந்த வெண்சுண்ணாம்புப் பாதை சோப்பைப் போல வழுக்கும் என்பதால், அந்த மாதங்களில் கடலோரப் பாதையையும் ஒதுக்கிவிட்டு, காலை பத்து மணிக்குள் பாக்ஸ் ஹில் நிலையத்தில் இறங்கிவிடும்படி ரயிலைப் பார்த்துக்கொள்வதே சரி.