2 சதவீதமா, அறக்கட்டளைப் பங்கா?

பெரிய நிறுவனங்களின் பணம் ஊருக்கு வந்து சேர இந்தியாவில் இரண்டு வழிகளைப் பார்க்கிறோம். ஒன்று, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற அளவுகளில் ஒன்றைத் தொட்டாலே போதும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும். இன்னொன்று டாடா வழி. டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் சுமார் 66 சதவீதப் பங்கு அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. அதன் ஈவுத்தொகை அப்படியே அங்கே போகிறது.

சட்டத்தின் பலம் அதன் வீச்சு. மனமில்லாதவரும் கொடுத்தே தீர வேண்டும். ஆனால் கணக்கு மார்ச் 31இல் முடிவதால், சீக்கிரம் வாங்கி, படம் எடுத்துக் கொடுத்துவிடக்கூடிய பொருள் மீதே கண் போகிறது. ஒரு பள்ளியில் இப்படி வந்த குடிநீர் இயந்திரத்தைப் பார்த்தேன். பெயர்ப்பலகை பளிச்சென்று இருந்தது. ஃபில்டர் மாற்ற ஆளில்லை, பிள்ளைகள் பாட்டிலில்தான் தண்ணீர் கொண்டு வந்தார்கள். மனசு கனத்துவிட்டது.

அறக்கட்டளைக்கு அந்த அவசரம் குறைவு. 1932இல் தொடங்கிய தொராப்ஜி டாடா அறக்கட்டளை 1941இல் மும்பையில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தது. இன்றும் ஏழை நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

சரி, எல்லா முதலாளிகளும் பங்கை எழுதித் தருவார்களா? மாட்டார்கள். அதனால் சட்டம் வேண்டும். அதே சட்டம் தொடர் திட்டங்களுக்கு மேலும் மூன்று ஆண்டு தருகிறது. நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தி, ஃபில்டர் மாற்றும் செலவையும் சேர்த்தே திட்டம் போடட்டும்.