இலவச இடங்களுக்கு டிக்கெட்: சிங்கப்பூரில் கப்பல் ஏறும் முன் நாங்கள் ஏமாந்த கதை

சிங்கப்பூரிலிருந்து குரூஸ் கப்பல் ஏறப் போகிறீர்களா? அதற்கு முந்தைய நாளைக் குழந்தையோடு ஊர் சுற்றிக் கழிக்கலாம் என்று யாரிடமாவது பேக்கேஜ் கேட்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் கட்டிவிட்டு அப்புறம்தான் எல்லாவற்றையும் படித்தேன்.

எங்கள் கப்பல் செவ்வாய்க்கிழமை மாலை. விமானம் திங்கட்கிழமை காலை 7 மணிக்கே இறங்கிவிடும். ஹோட்டலில் அறை கொடுப்பது பிற்பகல் 3 மணிக்கு. நடுவில் எட்டு மணி நேரம், ஐந்து வயது மகள், நான்கு பெட்டிகள். இந்த எட்டு மணி நேரம்தான் என்னைப் பயமுறுத்தியது. அப்போதுதான் வாட்சப்பில் ஒரு பயண முகவர் கிடைத்தார். அழகான தமிழில் பேசினார். "பெட்டிங்கள பத்திக் கவலையே படாதீங்க சார், எல்லாம் நம்ம வண்டியிலயே இருக்கும். நீங்க கையை வீசிட்டு நடங்க. பாப்பாவுக்கு ஒரு குறையும் வராது." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பணம் அனுப்பினேன். பின்னால் எங்களை மாட்டிவிட்டதும் அதே வாக்கியம்தான்.

பேக்கேஜ் 390 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது, ஆறு மணி நேரம் ஊர் சுற்றிக் காட்டுவது, மறுநாள் துறைமுகத்தில் இறக்கிவிடுவது. அதற்குள்ளேயே "நுழைவுச்சீட்டு உட்பட" என்று மூன்று வரிகள்: மெர்லயன் பூங்கா 30, சூப்பர்ட்ரீ தோப்பு 45, சிறுவர் தண்ணீர் விளையாட்டுத் தோட்டம் 40. கூடவே, சிங்கப்பூருக்குள் நுழைய எல்லாரும் இணையத்தில் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டுக்குத் தலைக்கு 15 வீதம் தனியாக 45.

முதலில் இந்தக் கார்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சிக்குபவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கார்டுக்குக் கட்டணமே கிடையாது. சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ, வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள் நாமே நிரப்பலாம். பத்து நிமிட வேலை. கப்பல் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே திரும்பும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டியிருந்தது. அதைப் பற்றி முகவர் வாயே திறக்கவில்லை. கப்பலில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். ஒரு பைசா கேட்கவில்லை. அப்போதுதான் முதல் 45 வெள்ளி எங்கே போனது என்று புரிந்தது.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். சாங்கி விமான நிலையத்தில் வண்டி வந்து நின்றது. ஏழு பேர் உட்காரும் தனியார் கார். மகளை ஏற்றப் போனால் ஓட்டுநர் கையை நீட்டித் தடுத்தார். குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்ற முடியாதாம், சட்டமாம், இருக்கைக்கு வாடகை 20 வெள்ளியாம். அவர் சொன்ன சட்டம் உண்மைதான். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு அதற்கேற்ற இருக்கை போட வேண்டும். டாக்ஸிக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு, வாடகைக்கு ஓடும் தனியார் கார்களுக்குக் கிடையாது. ஆனால் மகளின் வயது, உயரம் எல்லாம் கேட்டு வாங்கித்தானே முகவர் விலை சொன்னார்? இரவெல்லாம் தூங்காத குழந்தையை நடைபாதையில் நிறுத்திக்கொண்டு வாதாட மனம் வரவில்லை. கொடுத்தேன். டிக்கியிலிருந்து ஒரு பழைய பூஸ்டர் மெத்தையை எடுத்துப் போட்டார். பெட்டிகள் உள்ளே போயின. டிக்கி மூடியது.

மெர்லயனுக்குப் போனோம். மீன் உடம்பும் சிங்கத் தலையுமாக 8.6 மீட்டர் உயரச் சிலை, வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. 1972இல் திறந்தது, 2002இல் இப்போதிருக்கும் இடத்துக்கு நகர்த்தினார்கள் என்று மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம், "மீனுக்கு ஏன் சிங்க மூஞ்சி?" என்பதற்கு மட்டும் பதில் வேண்டும். ஓட்டுநர் எங்கள் கையில் வண்ணத்தில் அச்சடித்த மூன்று வவுச்சர்களைக் கொடுத்திருந்தார். அதைக் காட்டுவதற்கு வாசலைத் தேடினேன். வாசலும் இல்லை, கேட்பவரும் இல்லை. ஆற்றங்கரையில் நடந்தால் சிலை வந்துவிடுகிறது. "டிக்கெட்ட யார்கிட்ட காட்டணும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன் சார்" என்றார். அப்போதே உறைத்திருக்க வேண்டும். பயணக் களைப்பு, புது ஊர், நம் மொழி பேசுகிற ஆள். உறைக்கவில்லை.

அடுத்து கரையோரப் பூந்தோட்டங்கள், அதாவது கார்டன்ஸ் பை த பே. இங்கேதான் அந்தச் சிறுவர் தோட்டம் இருக்கிறது. முகவர் அனுப்பிய படத்தில் குழந்தைகள் தண்ணீர்ப் பீச்சல்களுக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை மகள் பத்து நாளாகப் பார்த்து வைத்திருந்தாள். விமானத்திலேயே உடைக்கு உள்ளே நீச்சலுடை போட்டுக்கொண்டுதான் வந்தாள். ஓட்டுநர் எங்களை 9.45க்கு இறக்கிவிட்டு, "பதினொரு மணிக்கு வந்துடறேன்" என்று கிளம்பினார். நடந்து போய்ப் பார்த்தால் தோட்டம் மூடியிருக்கிறது. திங்கட்கிழமைகளில் விடுமுறை என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பொது விடுமுறை, பள்ளி விடுமுறைத் திங்கள்களில் மட்டும் திறப்பார்களாம். பொட்டானிக் கார்டனில் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்கும் திங்களன்றுதான் விடுமுறை. நாங்கள் திங்களன்று வருகிறோம் என்று முகவருக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்.

"தண்ணிக்கு லீவாப்பா?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

சரி, சூப்பர்ட்ரீ தோப்பாவது பார்க்கலாம் என்று நடந்தோம். 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரமுள்ள இரும்பு மரங்கள், மேலெல்லாம் செடி கொடி படர்ந்திருக்கிறது. அங்கேயும் வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் தேடினேன். பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நிமிர்ந்தார். வவுச்சரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னது தம்பி? மேல பாலத்துல நடக்கணும்னா காசு. அந்தக் கண்ணாடிக் கூடாரம் ரெண்டுக்கும் காசு. கீழ நடக்குறதுக்கு யாரு காசு வாங்குறா?" என்றார். அப்புறம் குழந்தையைப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ளைங்க தோட்டமும் சும்மாதான். நாளைக்கு வாங்க, தொறந்திருக்கும்" என்றார்.

ஆக மூன்று வரியும் பொய். 115 வெள்ளி. நடப்பதற்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

அங்கேயே முகவரோடு கணக்கை முடித்துக்கொண்டு நாங்களாகவே ரயிலில் போயிருப்போம். பேஃபிரண்ட் ரயில் நிலையத்திலிருந்து பூந்தோட்டத்துக்குச் சுரங்கப்பாதையே இருக்கிறது. வங்கி அட்டையைத் தட்டினால் ரயில் ஏறிவிடலாம். ஆனால் பெட்டிகள்? மகளின் மாற்றுத்துணி, மூச்சிரைப்புக்கு அவள் எடுத்துக்கொள்ளும் மருந்து, எல்லாம் அந்தக் காரின் டிக்கியில். மருந்தையாவது கைப்பையில் வைத்திருக்க வேண்டும், அது எங்கள் தப்பு. கார் எங்கே என்று தெரியாது. ஓட்டுநருக்குப் போன் செய்தால் "இதோ, பக்கத்துலதான்". முகவருக்குப் போன் செய்தால் எடுக்கவே இல்லை. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. வெயிலும் புழுக்கமும் தாங்காமல் அந்தச் சுரங்கப்பாதைக்குள் போய்க் குளிர்ச்சியில் உட்கார்ந்துகொண்டோம். மனைவி மகளை மடியில் போட்டுத் தூங்க வைத்தாள். நான் மேலேயும் கீழேயுமாக நடந்துகொண்டிருந்தேன்.

1.20க்குக் கார் வந்தது. இன்னொரு குடும்பத்தை விமான நிலையத்திலிருந்து கூட்டி வரப் போயிருந்தாராம். எங்கள் பெட்டிகளோடு! வந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கணக்குச் சொன்னார். ஆறு மணி நேரப் பேக்கேஜ் ஒரு மணிக்கே முடிந்துவிட்டதாம். ஹோட்டலில் 3 மணிக்கு இறக்குவதானால் இரண்டு மணி நேரம் கூடுதல், மணிக்கு 30 வீதம் 60 வெள்ளியாம். அவர் தாமதமாக வந்ததற்கு நான் காசு கொடுக்க வேண்டும். முடியாது என்றேன். "அப்ப ஆபீஸ்ல பேசிட்டு வாங்க சார், அதுவரைக்கும் நான் டிக்கியத் தொறக்க முடியாது" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த வேலையை அவர் முதல் தடவையாகச் செய்யவில்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

கொடுத்தேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருந்தால் டிக்கி திறந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தூக்கத்தில் வியர்த்துக் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது தோன்றவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஹோட்டலுக்குப் போனபோது வரவேற்பில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "காலையிலேயே பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாமே?" என்பது. அறை 3 மணிக்குத்தான், பெட்டியை எப்போது வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். இதற்கும் காசு இல்லை. சாங்கியிலேயே பெட்டி வைக்கும் இடம் உண்டு, அதற்குக் கட்டணம் உண்டு. எதுவாக இருந்தாலும் கையில் ஒரு சீட்டு இருக்கும், நாம் போய்க் கேட்டால் பெட்டி வரும்.

அன்று மாலை முகவரிடமிருந்து செய்தி. சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சிக்குச் "சிறப்பு இருக்கை", ஆளுக்கு 25 வெள்ளி, குழந்தைக்குப் பாதி. பதில் போடவில்லை. நாங்களே ரயிலில் திரும்பப் போனோம். 7.45க்கு ஒரு காட்சி, 8.45க்கு இன்னொன்று. இரண்டும் இலவசம். சிறப்பு இருக்கை என்று எங்கேயும் காணோம். பாதிப் பேர் தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள். நாங்களும் படுத்தோம். இசைக்கு ஏற்ப மரங்கள் நிறம் மாறுவதை மகள் இமைக்காமல் பார்த்தாள். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றாள். 8.45 வரை அங்கேயே படுத்துக்கிடந்தோம். முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான், கப்பலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு மறுநாள் அவர்கள் காரிலேயே துறைமுகம் போனேன். ஏற்கெனவே கட்டிய காசாயிற்றே என்ற நப்பாசை. மனைவி வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. வேறு ஓட்டுநர். 1.10க்கு இறக்கிவிட்டு, பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டார். மகள் தண்ணீர்ப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம கப்பல் இவ்ளோ சின்னதாப்பா?"

அவள் பார்த்தது இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் படகு. சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் பழைய முனையம். பாத்தாம் படகுகள் அங்கிருந்து போகின்றன, சில சொகுசுக் கப்பல்களும் வரும். இன்னொன்று 2012இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர். எங்கள் பயணச்சீட்டில் இருந்தது இரண்டாவது. எங்களை இறக்கியது முதலாவதில். முனையத்தின் பெயரை முகவருக்கு எழுதியே அனுப்பியிருந்தேன். ஓட்டுநரிடம் "கப்பல்" என்று மட்டும் சொல்லியிருப்பார் போல. உங்கள் சீட்டில் எந்த முனையம் என்று பாருங்கள், காரில் ஏறும்போது அந்தப் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மரினா பே குரூஸ் சென்டர் என்றால் வடக்கு-தெற்கு ரயில் தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கி நடந்தே போகலாம்.

டாக்ஸி பிடித்தோம். மீட்டர் காட்டியதைக் கொடுத்தோம். வாயிலை மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

திரும்பி வந்து முகவரிடம் கேட்டேன். "நுழைவுச்சீட்டு" என்றால் அந்த இடத்துக்கு அழைத்துப் போகும் சேவைக் கட்டணம் என்றார். பணத்தை அட்டையில் கட்டாமல் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்ததால் வங்கியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிங்கப்பூரில் சுற்றுலா நடத்தும் முகவர்களுக்கு அந்நாட்டு அரசின் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும், சுற்றுலா வழிகாட்டிகளுக்கும் வேண்டும். உரிமம் உள்ள முகவர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தேன். வவுச்சரில் அச்சடித்திருந்த பெயர் அதில் இல்லை. கார்டுக்கு 45, மூன்று இடத்துக்கு 115, இருக்கைக்கு 20, டிக்கி திறக்க 60. மொத்தம் 240 வெள்ளி.

போன வாரம் அதே எண்ணிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. குழந்தைகளோடு கப்பல் ஏறுபவர்களுக்கு ஒருநாள் சுற்றுலா, தண்ணீர் விளையாட்டுத் தோட்டம் உட்பட. அதே படம். கீழே போட்டிருந்த தேதியை நாட்காட்டியில் பார்த்தேன். திங்கட்கிழமை.