வீட்டுக்குத் தாதி அனுப்புகிறோம் என்பவர்களிடம் கவனம்: என் கணவருக்கு நடந்தது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் மறதி நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்கள் இதை முழுக்க வாசியுங்கள். "பயிற்சி பெற்ற தாதிமார், 24 மணி நேரமும் உங்கள் வீட்டிலேயே" என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிற ஒரு முகவர் நிறுவனத்தைப் பற்றியது. காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் அனுப்பிய ஆளைக் கொண்டு, டொக்டர் கொடுக்கவே கூடாது என்று எழுதித் தந்த குளிசையை என் கணவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர் இ.போ.ச. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். களுவாஞ்சிக்குடியில் நாங்கள் இரண்டு பேரும்தான், மகன் கட்டாரில். இவருக்கு வந்திருப்பது லூயி பொடி டிமென்ஷியா என்கிற ஒரு வகை மறதி நோய். மறதிக்கு முன்னரே இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டார்கள். அலுமாரிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், "அதுகளுக்குச் சோறு குடு புள்ள" என்பார். நடையும் சின்னச் சின்ன எட்டாகிவிட்டது. ஒரு நாள் நல்ல தெளிவாகக் கதைப்பார், மறுநாள் என்னையே யாரென்று கேட்பார். பொழுது சாய்ந்தால் கல்முனை பஸ் போய்விட்டதா என்று கேட்டபடி கேற்றடிக்குப் போய்விடுவார். மறித்தால் சத்தம், சில நேரம் கையும் நீளும்.

இந்த வகை நோயில் ஒரு விஷயம் பெரிய ஆபத்து. ஆளை அடக்கக் கொடுக்கிற ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் மாதிரி மனநோய்க் குளிசைகள், உடம்பை அசைக்க உதவுகிற டோபமின் என்கிற இரசாயனம் மூளையில் வேலை செய்வதைத் தடுக்கும். லூயி பொடிக்காரருக்கு டோபமின் ஏற்கெனவே குறைவு. அதனால் உடம்பு இறுகி, விழுங்க முடியாமல் போய், உயிருக்கே முடிவாகலாம். மற்ற வகை மறதி நோயிலும் இவை விளையாட்டு மருந்தில்லை. வயதான மறதி நோயாளிகளில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் புதிய மருந்துகளுக்கு 2005 இலும் பழையவற்றுக்கு 2008 இலும் எச்சரிக்கை போட வைத்தது. எங்கள் டொக்டர் இதைக் கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதித் தந்திருந்தார். இவருக்குக் கொடுப்பது ரிவாஸ்டிக்மின். அது நோயை மாற்றாது, கொஞ்சம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இரவில் நித்திரை இல்லை, முழங்காலும் சரியில்லை. மகன் விளம்பரத்தைப் பார்த்து அவர்களோடு கதைத்தான். பதிவுக் கட்டணம் 15,000 ரூபாய், முதல் மாத முற்பணம் 90,000. வாட்ஸப்பில் வந்த படிவத்தை நிரப்பி, கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினோம். "பார்த்துவிட்டோம், எங்கள் நர்ஸ் எல்லாம் கவனிப்பா" என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் என் போனில் கிடக்கிறது.

வந்தது இருபது வயதைத் தாண்டாத ஒரு பிள்ளை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். தாதி இல்லை, பராமரிப்புப் பயிற்சியும் இல்லை, ஒரு ஹோலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்களாம். ஆனாலும் நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இவரை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டு முகம் வழித்துவிடுவாள். ஆள் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, ஆள் வீட்டுப்படி ஏறிவிட்டால் காசு திரும்பாது, மாற்றுவதானால் இன்னொரு பதிவுக் கட்டணம் என்றார்கள்.

கொஞ்ச நாளில் இவர் அடங்கிவிட்டார். பின்னேரம் கேற்றடிக்குப் போவதில்லை. கதிரையில் வைத்தால் வைத்த இடத்தில் இருப்பார். மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் போனில், "பாத்தீங்களா அம்மா, எங்கட ஆள் வந்த பிறகு ஐயா எவ்வளவு அமைதி" என்றார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. ஊட்டிய சோறு கன்னத்துக்குள்ளேயே ஒதுங்கிக் கிடந்தது, விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். சாரம் மாற்றக் கையைத் தூக்கினால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. ஒரு காலை கக்கூஸ் வாசலில் அப்படியே சரிந்து விழுந்தார்.

வயதானவர் திடீரென்று இப்படி மாறினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மச்சானைக் கூப்பிட்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் ஒன்றும் இல்லை. டொக்டர் இவருடைய மணிக்கட்டைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "என்ன குளிசை குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். நான் கொப்பியை நீட்டினேன். "இது இல்ல, வேற என்ன?" என்றார். நான் திரும்பிப் பார்க்க, அந்தப் பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

அவளுடைய பையில் ஒரு கடித உறை இருந்தது. குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு குளிசையாக வெட்டிப் போட்டிருந்தார்கள். எந்தத் துண்டின் பின்பக்கத்திலும் பெயர் முழுதாக இல்லை. டொக்டர் இரண்டு துண்டை மேசையில் வைத்துப் பொருத்தினார். ஹலோபெரிடோல். டொக்டரின் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து. "நித்திரைக் குளிசை, சத்தம் போட்டா சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு குடு, வீட்டுக்காரருக்குச் சொன்னா பயப்படுவினம்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அவளுக்குப் பேசிய சம்பளம் 40,000, அதிலும் ஒரு சதம் கைக்கு வரவில்லை. ஊருக்குப் போக பஸ் காசு நான்தான் கொடுத்தேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, மகனுக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இவரை வார்ட்டில் வைத்துக் குளிசையை நிறுத்தினார்கள். இறுக்கம் மெல்ல மெல்ல விட்டது, விழுங்குகிறார். ஆனால் முன்னர் பிடிமானமில்லாமல் கிணற்றடி வரை நடந்தவருக்கு இப்போது ஆள் துணை வேண்டும்.

நிறுவனத்துக்கு எடுத்தால், "அனுமதியில்லாமல் எங்கள் ஊழியரை அனுப்பிவிட்டீர்கள், ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்" என்று ஒரு கதை. அப்புறம் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். ரசீதில் இருந்த கொழும்பு முகவரிக்கு மகனின் சிநேகிதர் ஒருவர் போய்ப் பார்த்தார், அங்கே இருப்பது ஒரு போட்டோகொப்பிக் கடை. பொலிஸில் முறைப்பாடு பதிந்திருக்கிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதினோம். காசு கொடுத்துப் பெற்ற சேவைக்கும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறையிடலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி 1977. இப்படியான நிறுவனங்கள் காசை "இன்றைக்குத் தருகிறோம், நாளைக்குத் தருகிறோம்" என்று இழுத்தடிப்பதே அந்தத் தவணை கடந்து போகட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆள் எடுக்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு: என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறது என்றால் மூலப் பிரதியையே கேளுங்கள். அதை மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் சரிபார்க்கலாம். வருகிற ஆளிடம் நேரே சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வெளியே வந்துவிடும். மருந்துப் பெட்டியின் திறப்பு உங்கள் மடியில் இருக்கட்டும். ஆள் திடீரென்று அடங்கிப்போனால், எச்சில் வழிந்தால், உடம்பு இறுகினால் சுகம் வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். அந்தரமான நேரத்தில் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926 இருக்கிறது. கொழும்பு மருதானையில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை பகலில் வந்து நிற்கிறாள். பொழுது படுவதற்கு முன்னரே எல்லா லைட்டையும் போட்டுவிடச் சொன்னார் டொக்டர். நிழல் குறைந்தால் அலுமாரியடிப் பிள்ளைகளும் குறைவாம், உண்மையாகவே குறைந்திருக்கிறது. கல்முனை பஸ்ஸைக் கேட்டால் "இண்டைக்கு லேட்டாம், பிளேன்டீயைக் குடிச்சிட்டுப் போவம்" என்கிறேன். பெரும்பாலும் அதோடு மறந்துவிடுவார்.

நிறுவனத்தின் பெயரை முறைப்பாடு முடியும்வரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோசனம் இல்லை, போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் ஓடுகிறது. அதே வெள்ளைக்காரப் பாட்டி, அதே சிரித்த நர்ஸ், போன் இலக்கம் மட்டும் புதிது. நாங்கள் காசு போட்ட வங்கிக் கணக்கு கம்பனியின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கணக்கிலக்கம் வந்தால் காசைப் போடாதீர்கள்.